வரி கட்டாத பெரிய மனிதர்

"வரி கட்டுறது கட்டாயம்னு யார் சொன்னது, சம்பந்தி? 'உங்க கணக்கை நீங்களே போட்டு நீங்களே கட்டுங்க'ன்னுதான் அரசாங்கமே சொல்லுது. விருப்பம் இருக்கிறவன் கட்டுவான். எனக்கு விருப்பம் இல்லை, கட்டலை."

சொல்லிவிட்டு விளக்குக் கடைக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தலைக்கு மேல் கடையின் சரவிளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. மற்ற நாட்களில் வாசலில் ஒன்று மட்டும் எரியும். இன்று பெண்ணின் கல்யாணத்தைப் பேசி முடிக்கப் பையனின் அப்பா வந்திருக்கிறார். எதுவும் இன்னும் முடிவாகவில்லை. ஆனாலும் சம்பந்தி என்றே கூப்பிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்பது கடைக்காரரின் எண்ணம். பாதிக் கிணறு தாண்டியவன் எங்கே விழுவான் என்று அவர் யோசிக்கவில்லை.

வந்தவர் மர வியாபாரி. எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்.

"விருப்பம்னா, கட்டாதவனை ஏன் வட்டியோட பிடிக்கிறாங்க?"

"வீட்டுக்கு வந்தவங்களை 'சாப்பிட்டாத்தான் ஆச்சு'ன்னு கையைப் பிடிச்சு உக்கார வைக்கிறோம். அது கட்டாயமா? உபசாரம்."

"சாப்பிடாமப் போறவங்களை நாம ஜெயில்ல போடுறதில்லையே."

தேநீரோடு வந்த கடைக்காரரின் மனைவி கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணை மாமியார் வீட்டுக்கு அனுப்பலாம்னு நான் நிக்கிறேன். இவர் முந்திக்கிட்டுப் போயிடுவார் போலிருக்கு."

மர வியாபாரி சிரிக்கவில்லை.

"தங்கச்சி சொல்றதுதான் என் பயமும். நாளைக்கு என் பையனோட மாமனாரை யாராவது வந்து கூட்டிட்டுப் போனா தலைகுனிவு எங்களுக்கும்தான். நான் இதுவரைக்கும் கட்டின வரியில ஊருக்கு ஒரு பாலமே கட்டியிருக்கலாம். ஒரு நாள் முணுமுணுத்ததில்லை."

"பாலம் கட்டினாங்களா?"

"அது அவங்க விருப்பம்."

அவர் எழுந்துகொண்டார். "ஒளிவு மறைவு வேணாம். ஞாயித்துக்கிழமை நான் என் வரி ரசீதைக் கொண்டு வர்றேன். நீங்க உங்களோடதை எடுத்து வையுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தேதி குறிப்போம். இல்லன்னா மன்னிச்சுக்குங்க, என் தம்பி வேற ஒரு இடம் சொல்லிக்கிட்டே இருக்கான்."

அவர் படி இறங்கியதும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

வரி கட்டாதவர் என்ற பெயர் கடைக்காரருக்குச் சும்மா வந்துவிடவில்லை. முடிதிருத்தும் கடையிலும் வங்கி வரிசையிலும் வருஷக்கணக்காகப் பேசிச் சேர்த்த பெயர். தெருவில் எதிரே வருகிறவர்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். அரசாங்கத்தையே எதிர்த்து நிற்கிறவர் என்றால் சும்மாவா? இப்போது அந்தப் பெயரே பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது.

"அப்பா, உங்க கொள்கையை நான் குறை சொல்லலை" என்றாள் மகள். "ஆனா எனக்கு அவர்தான் வேணும். ஒரே ஒரு வருஷம் கட்டிடுங்க."

கடைக்காரரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"இத்தனை வருஷம் கட்டாம மிச்சம் பிடிச்சீங்களே, அதுல துளி எடுத்துக் கட்டினா குறைஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி. "ஆமா, எங்கதான் வெச்சிருக்கீங்க அதை? அலமாரியிலயும் இல்லை, பரண்லயும் இல்லை. நானும் தேடாத இடமில்லை."

அவர் மெல்ல எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி. பெத்த பொண்ணுக்காகக் கொள்கையைத் துறக்கிறேன். சரித்திரம் என்னை மன்னிக்கட்டும்."

"சரித்திரம் மன்னிக்கும். முதல்ல வரி ஆபீஸ் மன்னிக்குதான்னு பாருங்க."

மறுநாள் வரி அலுவலகத்தில் தனக்குப் பின்னால் இருந்த நாலு பேரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஆள் ஓய்ந்த பிறகுதான் கண்ணாடித் தடுப்பின் அருகே போனார். உள்ளே இருந்த அம்மையார் அவர் நீட்டிய கணக்கைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"இது ஒரு மாச வருமானமா?"

"வருஷத்துக்கு. கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா."

"ஐயா, இதுக்கு வரியே வராதே. இதைப்போல ரெண்டு மடங்கு சம்பாதிச்சாலும் வராது."

"தெரியும்மா. கடை திறந்த நாள்லேருந்து தெரியும்." குரல் கண்ணாடியின் ஓட்டை வழியாக நைந்து உள்ளே போனது. "ஏதோ உங்களுக்குத் தோணினதைப் போட்டு வாங்கிக்குங்க. தொகை மட்டும் பாக்கிறதுக்குக் கொஞ்சம் கௌரவமா இருக்கட்டும். மனைவியோட வளையலை அடகு வெச்சுப் பணம் கொண்டு வந்திருக்கேன்."

"கட்டாம ஓடுறவங்களைத் துரத்தத்தான் எங்ககிட்ட ஆள் இருக்கு. வேண்டாம்னாலும் கட்டுவேன்னு நிக்கிறவங்களை என்ன பண்றது? சரி, கட்டுங்க. அடுத்த வருஷம் திருப்பி அனுப்பிடுவோம்."

"அனுப்பிடாதீங்கம்மா. வீட்டுக்கு வந்தா மானமே போயிடும். பொண்ணு கல்யாணம் இதுலதான் நிக்குது. சம்பந்திகிட்டக் காட்டணும்."

அம்மையார் பெருமூச்சு விட்டார். "அப்போ யாரும் கேக்காம, நீங்களா விருப்பப்பட்டுத்தான் கட்டுறீங்க?"

"முழு விருப்பத்தோட" என்றார் வரி கட்டாத பெரிய மனிதர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அம்மையார் பணத்தை வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்த எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையில ஒரு மர வியாபாரி, வராத வரியைக் கட்டியே தீருவேன்னு அழாத குறையாக் கெஞ்சிட்டுப் போனாரே, அதே மாதிரி இவருக்கும் ஒரு ரசீது போடுங்க. இவருக்கும் சம்பந்திகிட்டக் காட்டத்தானாம்."