மூன்றாம் துண்டு

ஐப்பசி பிறந்து பன்னிரண்டு நாள். கடல் கறுத்து, வானம் தாழ்ந்து, கருமேகங்கள் கோயில் யானைகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுச்சேரியின்மேல் அசைந்து சென்றன. ஒயிட் டவுனின் மஞ்சட் சுவர்கள் நனைந்து மௌனித்திருந்தன. பெய்வதா நிற்பதா என்று தெளியாத மழையின்கீழ், ஊரே ஏதோ ஒரு பெருவரவை நோக்கித் தவம் கிடந்தது.

ஹேமலதா தவம் கிடந்தது ஒரு பீட்சாவுக்கு.

ஈராண்டுகளாக அவள் வெளியில் உண்டதில்லை. சீலியாக் என்னும் நோய். கோதுமையின் துகளொன்று உட்சென்றாலும் மூன்று நாள் படுக்கை. மைதா, ரவை, சேமியா, உறவினர் வீட்டு உபசாரம் யாவும் விலக்கு. ஒரு வாயால் என்ன ஆகிவிடும் என்று கேட்டவர் எவரும் அந்த மூன்றாம் நாளைக் கண்டதில்லை.

மறுநாள் லாஸ்பேட்டைக் கல்லூரியொன்றில் அவள் பணியில் சேர வேண்டும். அதைக் கொண்டாடத்தான் கணவன் நெடுமாறன் இந்த உணவகத்துக்கு அழைத்து வந்திருந்தான்.

அச்சமின்றி ஒரு துண்டு. வேறு வரம் எதையும் அவள் வேண்டவில்லை.

வாசற் கரும்பலகை, கோதுமைப் பசை கலவாதது என்னும் பொருளில், ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று அபயம் அளித்தது. அதன் பொருளைக் கேட்டபோது, பரிமாறும் சிலம்பரசன் திருவாய் மலர்ந்தான்.

“எல்லாமே ப்யூர் வெஜ்தான் மேடம்.”

அவள் விளக்கினாள்.

“அப்ப சீஸ் வேணாங்களா?”

மீண்டும் விளக்கினாள். மாவு எது? அரிசி மாவு. பலகை? தனி. தட்டு? தனி. கத்தி? கழுவியது. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் சமையலறைக்குச் சென்று, கருவறையில் உத்தரவு பெற்றவன்போல் திரும்பினான்.

“ரெய்டுக்கு வந்த ஆபீசரு கெட்டாரு போ. பேசாம அடுப்பு பக்கத்துலயே போய் உக்காந்துக்கயேன்,” என்றான் நெடுமாறன், தன் மைதாப் பீட்சாவை மென்றபடி.

அவள் தன் காலித் தட்டை அவனிடமிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

ஆறாம் முறை உள்ளே போன சிலம்பரசனின் குரல் வெளியே கேட்டது.

“அக்கா, அந்தம்மாவுக்கு வயிறு சரியில்லியாம். பாத்து செய்யி!”

பீட்சா வந்தது. விளிம்பு சிவந்து, ஆவி எழ, திருக்காட்சிபோல் வந்தது. முதல் துண்டை அவள் ஐயத்தோடு கடித்தாள். இரண்டாம் துண்டில் கண்கள் தாமே மூடிக்கொண்டன.

திறந்தபோது, சமையற்காரி அஞ்சலாட்சி முந்தானையில் கைதுடைத்தபடி எதிரே நின்றிருந்தாள்.

“நல்லா இருக்காம்மா? வயித்துக்கு ஆகாதுன்னு இந்தப் புள்ள சொல்லுச்சி. மனசு கேக்கல. அதான் சாஸுல ரெண்டு சிட்டிக பெருங்காயம் கூட போட்டேன். எந்த வயிறா இருந்தாலும் கேக்கும்.”

கடைப் பெருங்காயத்தில் பெரும்பகுதி மைதாதான். வீட்டு டப்பாவால் இருமுறை படுத்தெழுந்த பிறகே ஹேமலதா அதைக் கற்றிருந்தாள். பலகையைக் கேட்டாள், கத்தியைக் கேட்டாள். பரிவைக் கேட்கத் தோன்றவில்லை.

“ஐயோ, அதுலதான...” என்று வாய்திறந்த நெடுமாறனின் காலை மேசைக்கடியில் அழுத்தி மிதித்தாள்.

நாளைய பணியும் அதற்கடுத்த இரு நாட்களும் போயின. இனிக் காப்பதற்கு ஒன்றுமில்லை.

அவள் மூன்றாம் துண்டை எடுத்தாள். எதையும் ஆராயாமல், எவரையும் வினவாமல், விளிம்புவரை மென்று உண்டாள்.

அஞ்சலாட்சியின் முகம் குளிர்ந்தது. இடுப்பிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தாள். கண்மூடி, உதடசையாமல் ஏதோ வேண்டி, திருநீற்றை ஹேமலதாவின் நெற்றியில் இட்டாள். எஞ்சியதை வயிற்றின் பக்கமாக மெல்ல ஊதினாள்.

“ஒரு நோவும் ஒன்ன அண்டாதும்மா. வயிறார சாப்ட்டு, நல்லா இரு.”