பிளாஸ்டிக் ஆடு

“பெத்தவனை ‘அத்தா’ன்னு கூப்பிட ஒரு சொல்லு வரல. பூண்டு, சல்லடைன்னு நூறு சொல்லு வந்து என்ன பிரயோசனம்? அடுத்த வியாழக்கிழமைலேருந்து நீங்க அலைய வேணாம் டீச்சர்” என்றான் ஹுமாயூன்.

வெற்றிச்செல்வி டீச்சர் பையைத் தரையில் கவிழ்த்தார். பார்வையில்லாத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ப் பேச்சும் பழக்கமும் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதற்காகப் பெரம்பலூரிலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்கு வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருகிறார். பையிலிருந்து விழுந்தவை ஒரு கரண்டி, ஒரு சல்லடை, நாலு பல் பூண்டு, கொஞ்சம் தேங்காய் நார்.

ஹுமாயூனுக்குச் சிரிப்பு வந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பிய பையைக் கொட்டிவிட்டுப் பாடம் என்கிறார்கள். இதற்கு ஒரு படிப்பு, ஒரு சான்றிதழ்.

அவன் குவைத்திலிருந்து வந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆறு மாதக் குழந்தையாக விட்டுப்போன மகள் ஃபைஸாவுக்கு இப்போது நாலு வயது. அவன் குரல் கேட்டாலே இருந்த இடத்தில் அசையாமல் நின்றுவிடுகிறாளே தவிர, ஒருமுறைகூட அவனைக் கூப்பிடவில்லை. பள்ளிவாசலில் பத்துப் பேர் முன்னால் மைத்துனன் சஃப்வான், “இன்னுமா மச்சான் கூப்பிடல?” என்று கேட்டுச் சிரித்தது அவன் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

குற்றம் முழுக்க மனைவி ஆயிஷாவுடையது என்று அவன் முதல் நாளே முடிவு கட்டிவிட்டான். மூன்றரை வருடம் வீட்டிலேயே இருந்தவளால் பிள்ளைக்கு ஒரே ஒரு சொல்லைப் பழக்க முடியவில்லை.

“போன்ல நீங்க பேசுறப்ப கேட்டுக்கிட்டே இருப்பா. நீங்க வச்சதுக்கப்பறம் நாளெல்லாம் அத்தா, அத்தாங்குறாளே” என்றாள் ஆயிஷா.

“வச்சதுக்கப்பறம் கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?”

அதையும் ஊருக்கே கேட்கும்படி சொன்னான். குவைத்தில் கம்பெனி கேம்ப் அறையில் எட்டுப் பேர் தூங்குவார்கள் என்று மூன்றரை வருடம் போனில் கிசுகிசுத்தே பேசியவன், ஊருக்கு வந்ததும் தொண்டையைத் திறந்துவிட்டிருந்தான்.

மகளுக்கென்று அவன் வாங்கிவந்த பிளாஸ்டிக் ஆடு சுவரோரம் கிடந்தது. அதைக் கையில் கொடுத்து ஆடு என்று மூன்று தடவை கத்திச் சொன்னான். அவள் இரண்டு தட்டு தட்டிப் பார்த்து, “டப்பா” என்று கீழே வைத்துவிட்டாள். புத்தியும் மட்டு என்று அன்றைக்கே தீர்ப்பெழுதிவிட்டான்.

டீச்சர் அந்த ஆட்டை எடுத்துத் தடவினார். “அவ சொன்னது சரிதானேங்க. பக்கத்து வூட்டு ஆட்டுக்கு மயிர் இருக்கு, வாடை இருக்கு, முட்டுது. அதைப் புடிச்சுப் பாத்துதான் ஆடுன்னு கத்துக்கிட்டா. இது டப்பாதான்.”

“ஓஹோ.”

“நமக்குக் கண்ணால பாத்து பேரு வைக்கத் தெரியும். இவளுக்குக் கையில எது இருக்கோ, அப்ப காதுல எது விழுதோ, அதுதான் பேரு. நாலு நாள்ல இவ கையை எடுத்து ஒங்க மூஞ்சில வச்சு, ‘நான்தான் அத்தா’ன்னு ஒரு வாட்டி சொன்னீங்களா?”

“என் மூக்குல வெரல விட்டு ஆட்டுனாத்தான் பெத்தவன்னு தெரியுமா? ஆட்டுக்குட்டிக்குக்கூட அது தெரியும் டீச்சர்.”

டீச்சர் கரண்டியையும் சல்லடையையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் போட ஆரம்பித்தார்.

ஃபைஸா மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஆயிஷாவின் மூலை உடைந்த பழைய போனைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தாள். நாலு நாளாகவே அப்படித்தான், சோறு ஊட்டும்போதுகூடக் கீழே வைப்பதில்லை. கண் தெரியாத பிள்ளைக்குப் போன் எதற்கு என்று ஹுமாயூன் நேற்றே கத்தியிருந்தான். இப்போது டீச்சர் மேலிருந்த கோபத்தையும் சேர்த்து, எழுந்து போய் வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அத மட்டும் புடுங்காதீங்க” என்றாள் ஆயிஷா.

ஃபைஸா அழவில்லை. வெறுங்கையை விரித்தபடி இருந்தாள். அவன் திரும்ப வந்து கட்டிலில் உட்கார்ந்தான்.

சார்ஜ் குறைந்துவிட்டது போலும், சட்டைப் பைக்குள் போன் ஒருமுறை ‘டிங்’ என்றது. ஃபைஸாவின் தலை திரும்பியது. எழுந்தாள். சுவரைத் தொட்டு, பீரோவைத் தொட்டு, கட்டில் காலைத் தொட்டு, அவன் முழங்காலைக் கண்டுபிடித்தாள்.

அவள் அவன் மடியில் ஏறினாள். இரண்டு கையும் அவன் வயிற்றில் தொடங்கி மேலே நகர்ந்து நெஞ்சில் வந்து நின்றன.

“அத்தா” என்றாள், தெளிவாக.

ஹுமாயூனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடேயே டீச்சரை ஏளனமாகப் பார்த்தான்.

“பாத்தீங்களா டீச்சர்? இதுக்குப் பேருதான் ரத்தம். ஒங்க கரண்டியில வராது.”

ஃபைஸாவின் விரல்கள் சட்டைப் பைக்குள் நுழைந்தன. போனை உருவிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, மடியிலிருந்து இறங்கி அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு அச்சு அசல் அவனுடைய கேம்ப் அறைக் கிசுகிசுப்பில் அதனிடம் கேட்டாள்:

“அத்தா, இந்த ஆளு எப்ப போவாரு?”