வாசலைத் தாண்டாத சிஸ்டர்

பிலோமினாளுக்கு சிஸ்டர் கிருபையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? புருஷன் அம்புரோஸ் தீக்காய வார்டில் வாழையிலை மேல் கிடக்கிறான். தோணிக்குப் பூசக் குங்கிலிய எண்ணெய் காய்ச்சியபோது சட்டி கவிழ்ந்து, மார்பிலிருந்து முழங்கால் வரை வெந்துபோனது. வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டரோ வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கப்பல் கேப்டன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அதிகாரம்.

முன்னால் அப்படி இல்லை. கட்டில் கட்டிலாகப் போய் நோயாளி நெற்றியில் கை வைத்து ஜெபித்த பிறகுதான் அந்தம்மாவுக்கு வேலையே ஆரம்பிக்கும். கை கழுவுவதைக் கேட்கவே வேண்டாம். ஒரு நாள் கழுவிய தண்ணீரில் ரெண்டு தோணி விடலாம். ஒரு குடம் தண்ணீருக்குச் சண்டை போடுகிற தூத்துக்குடியில் அதற்கே தனி வசவு உண்டு.

அம்புரோஸின் புண்ணில் பச்சையாகச் சீழ் கட்டியதும் எல்லாம் மாறியது. அடுத்த கட்டில்காரருக்கும் அதே பச்சை; அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஊசி, எழுபத்தாறாம் வருஷத்தில் அதுதான் பெரிய ஊசி. அதற்கும் கிருமி அசையவில்லை. போடப் போட, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி கொழுத்தது.

"கிருமி மருந்துக்குப் பழகிட்டும்மா" என்றார் டாக்டர் ராஜதுரை.

கிருமி யார் மூலம் வருகிறது என்று பார்க்க, தன் கை உட்பட எல்லார் கையையும் பஞ்சுக் குச்சியால் தடவி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஆயா பேச்சித்தாயை வார்டே ஒரு மாதிரியாகப் பார்த்தது. ஊசியை நிறுத்தி, ஊறுகாய்க்கு ஊற்றுகிற காடியில் துணியை நனைத்துக் கட்டுப் போட்டார்கள். பேச்சித்தாயும் மற்ற நர்சுகளும்தான் போட்டார்கள். சிஸ்டர் வாசலோடு சரி.

ஒருநாள் பிலோமினாள் நேரே கேட்டுவிட்டாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டாவது உள்ள வரப்படாதா சிஸ்டர்? ஒங்க உசுரு வெல்லம், எங்க உசுரு என்ன, பூத்துப்போன கருப்பட்டியா?"

சிஸ்டர் முகம் சுண்டிப்போனது. "கையைக் கழுவிட்டு உள்ள போங்க." அவ்வளவுதான் பதில்.

மூன்றாம் வாரம் பச்சை மறைந்து, இளஞ்சிவப்பாகத் தோல் எட்டிப் பார்த்தது. அம்புரோஸ் கஞ்சிக்குக் கருவாடு கேட்டுச் சண்டை போட்டான். அவன் பிழைத்தான் என்று தெரிந்ததும், பிலோமினாள் டாக்டர் அறைக்குப் போனாள்.

"அந்த சிஸ்டர் மேல ஒரு மனு எழுதணும் டாக்டர்."

"அவங்க மேலயா? ஏற்கெனவே ஒண்ணு வந்துட்டே."

"யாரு குடுத்தது?"

டாக்டர் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"மதுரை ரிப்போர்ட் அவங்க பேருக்குத்தான் வந்துது. கிழிச்சு அடுப்புல போட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. வேலை போயிரும்னு சொல்லிப் பாத்தேன், கேக்கல. நீங்களே படிங்க."

பிலோமினாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மற்ற எல்லார் கையும் சுத்தம். பச்சைக் கிருமி இருப்பது, கழுவிக் கழுவி வெடித்துப்போன என் கையில்தான். இனி எந்த நோயாளியையும் நான் தொடக் கூடாது என்று உத்தரவிடவும். யார் கேட்டாலும் இதைக் காட்டலாம். இப்படிக்கு, கிருபை."