இன்னிக்கே கெளம்பணும்

எல்லம்மாள் பீரோவைத் திறந்து, மகன் தினகரனின் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். "வாங்கம்மா" என்று வசந்த்குமார் சொன்னதற்குக்கூடத் திரும்பாமல் அடுத்த சட்டையை உருவினாள்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினகரன் கறி வாங்கப் போயிருக்கிற நேரம் பார்த்தா அவன் அம்மா மானாம்பதியிலிருந்து இப்படி வந்து நிற்க வேண்டும்?

"இன்னாம்மா திடீர்னு? ஒரு போன் பண்ணியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பனே."

"போன் பண்ணா ஆளுக்கொரு சாக்கு சொல்லுவீங்க. அவன் வரட்டும்."

சமையலறையில் காதர் பிரியாணிக்கு ஊறவைத்த அரிசியில் விட்ட கையை எடுக்காமல் நின்றான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஜெனிஃபருக்கு அழுகை வெங்காயத்தாலா பயத்தாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், காதர் காஞ்சிபுரத்திலிருந்தும் ஜெனிஃபர் ஏனாத்தூரிலிருந்தும் உத்திரமேரூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். யாரிடமும் பொய் சொல்லாமல், 'உனக்கு எப்பக் கல்யாணம்' என்ற கேள்வி இல்லாமல், காலை நீட்டி உட்கார அவர்களுக்கு இருக்கிற ஒரே வீடு இதுதான்.

தெருக்காரர்களுக்குத் தினகரனும் வசந்த்தும் ரூம்மேட். வைகாசியில் இதே கூடத்தில், காதர் பூ வாங்கிவர, ஜெனிஃபர் போட்டோ எடுக்க, ரெண்டு பேரும் மாலை மாற்றிக்கொண்டது இந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

வசந்த் சமையலறைக்குள் வந்ததும் காதர் அவன் காதோடு சொன்னான். "அம்மாக்கு இன்னாவோ தெரிஞ்சிபோச்சுடா. மூஞ்சே செரியில்ல."

"இன்னொரு பையக் கைய வுட்டு எறக்கவே மாட்றாங்க, பாத்தியா?" என்றாள் ஜெனிஃபர். "கண்டிப்பா பொண்ணு போட்டோதான். எங்க வூட்லயும் இப்படித்தான் மடியிலயே வெச்சிக்கினு சுத்துவாங்க."

வசந்த் ஒரு தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு போனான்.

"நாஷ்டா சாப்பிடுங்கம்மா."

"வோணாம்." எல்லம்மாள் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். "ஒரே கட்டில்தானா?"

"தினா தரையில பாய் போட்டுப் படுத்துக்குவாம்மா."

"உம்" என்றாள். அந்த ஒரு 'உம்'முக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

தெருவில் ஜவுளிக்கடை ஆட்டோ ஒன்று, ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி என்று மைக்கில் கத்திக்கொண்டு போனது. கூடத்தில் பேசுவது காதில் விழவில்லையே என்று ஜெனிஃபர் சன்னலைச் சாத்தினாள்.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே தினகரனின் வண்டி வந்து நின்றது. கறிப் பையோடு உள்ளே வந்தவன் அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டான்.

"யம்மா! நீ எப்ப வந்த?"

"துணியெல்லாம் எடுத்து வெச்சிட்டேன். கெளம்பு, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"எதுக்கு?"

"எதுக்கா? இன்னிக்கே கெளம்பணும், நாளைக்கு ஆவாது. கல்பனா போன்ல எல்லாத்தையும் பாத்துட்டேன். கய்த்துல மாலயோட சிரிச்சிக்கினு நிக்கறீங்களே ரெண்டு பேரும்!"

கல்பனா தினகரனின் அக்கா. அக்காவாச்சே, அவளிடமாவது சொல்லிக்கொள்ளலாம் என்று அந்தப் போட்டோவை ஆசையாக அனுப்பியவன் சாட்சாத் தினகரனேதான். வசந்த் அவனைப் பார்த்த பார்வையில் அவன் தலை தானாகக் குனிந்தது.

ஆனால் குரல் குனியவில்லை. "பாத்துட்ட இல்ல? அப்ப செரி. நான் எங்கயும் வரமாட்டேன்."

"வராம? இப்பப் போயி ரெண்டு பேரும் ஒரே வூட்ல கீறது தப்புடா. பெரியவ நான் ஒருத்தி இருந்துக்கினு, கேக்காம வுட்டா நல்லா கீதா?"

"இன்னா தப்பு? யாரு குடிய கெடுத்தோம்?"

"எதுத்துப் பேசாத. சின்ன மாமனக் கார் எடுத்தாரச் சொல்லிட்டேன். வந்துக்கினே கீறான்."

கார் என்றதும் வசந்த் உடைந்துபோனான். சொந்த ஊர் தாமலில் அவன் அப்பா அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதும் இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்குக்கூட அழாதவன், இப்போது எல்லம்மாள் முன்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதான்.

"அம்மா, எங்க வூட்ல என்னத் தொரத்திட்டாங்க. எனக்குன்னு கீறது இவன் ஒருத்தன்தாம்மா. அடிக்கணும்னா என்ன அடிங்க. எங்கள மட்டும் பிரிச்சிடாதீங்க."

எல்லம்மாள் திடுக்கிட்டுப் போனாள். அவனையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அதுவரை கீழே வைக்காத அந்த இன்னொரு பையைப் பிரித்தாள்.

"வருதுடா பொண்ணு போட்டோ" என்று முணுமுணுத்தான் காதர்.

வெளியே வந்தது ஒரு பட்டுக்கரை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, வெற்றிலைப் பாக்கு. பையிலேயே இருந்த தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, வசந்த்தின் முன்னால் ரெண்டு கையாலும் நீட்டினாள். முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, முதல்முறையாக அவனிடம் மரியாதை போட்டுப் பேசினாள்.

"அய்ய, மொதல்ல கண்ணத் தொடைங்க. தல ஆடிக்குத் தாய் வூட்டுக்கு அழைச்சிக்கினு போறது மொறதானே, மாப்ள?"