மறுகுரல்

மோட்டார் கடை சம்பந்தம் சிங்காநல்லூர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் வரலாற்றை நான்கு பாகமாக எழுதி முடித்துவிட்டார். அங்கே முன்பு நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் நின்றவர் என்று அவருக்குக் கிடைத்த ஒரே சாட்சி தெய்வாத்தாள். செல்போனில் அந்த அம்மாளின் மறுகுரலை, அதாவது அவர் பேச்சைப் பதிந்து கணினி செய்த நகல் குரலைக் கூப்பிட்டால், கேட்டதற்கெல்லாம் சளைக்காமல் பதில் சொல்லும். மறுகுரல் இருந்தால் ஆள் எப்போதோ போய்விட்டார் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

புத்தக அட்டையில் போட ஒரு போட்டோ கேட்டு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனார். கடைக்கு அடுத்த வீதிதான். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் பசை இன்னும் காயவில்லை.

"நேத்துத்தானுங்க எடுத்தோம்," என்றாள் மகள். "கடைசி வரைக்கும் அம்மாவுக்கு நெனவு தப்பலைங்க. நீங்க வண்டில போறப்பெல்லாம், 'புஸ்தகம் எழுதற தம்பி, ஒருநா வந்து கேக்கும்'னு சொல்லும். உங்ககிட்டச் சொல்றதுக்குன்னு என்னமோ வெச்சிருந்துச்சுங்க."

"என்னதுங்க அது?"

"எங்ககிட்டச் சொன்னதே இல்லீங்க."

கடைக்குத் திரும்பியவர் பழக்கதோஷத்தில் செல்போனைத் திறந்தார்.

"வாங்க தம்பி," என்றது தெய்வாத்தாளின் குரல். "நேத்து எதுல உட்டோம்?"