ஜோடிப் படம்

“இன்னொரு தடவ தும்முங்க, டென்சில்.”

“வந்தாத்தானே ஆஞ்சலா? சுவிட்ச் போட்டா வர்றதுக்கு மூக்கு என்ன ஃபேனா?”

பிரேசர் டவுன் அடுக்குமாடி வீட்டில், ஈரத் தாளுக்கு மேல் தூரிகையைப் பிடித்தபடி காத்திருந்தாள் ஆஞ்சலா. போன மாதம் அவள் வாட்டர்கலர் தீட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற கணவன் டென்சில் திடீரென்று தும்மினான். திடுக்கிட்டதில் அவள் கை எகிறி, நீலம் தாள் முழுக்க ஓடிப் பச்சையில் கலந்தது. அந்தப் படத்தைத்தான் கீழ்வீட்டு சீனிவாசராகவன் கேட்டு வாங்கினார். அவள் வரைந்ததில் முதன்முதலாக விலைபோன படம்.

இப்போது, “அதே மாதிரி இன்னொண்ணு வேணும்” என்கிறார்.

மிளகுத்தூள் முகர்ந்து பார்த்தாயிற்று. சிவாஜிநகரில் தேடிப் பிடித்த மூக்குப்பொடியும் போட்டாயிற்று. ஒருவழியாக டென்சில் தும்மினால், அவள் கை அசையவில்லை.

“நீங்க தும்மப்போறது முன்னாடியே தெரிஞ்சிடுது. அப்புறம் எப்படிக் கை எகிறும்?”

“நீயே சும்மா ஒரு வீசு வீசிடேன்.”

“வீசிப் பாத்தேன். வீசின மாதிரியேதான் இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அவள் வரைய உட்கார்ந்ததும், டென்சிலுக்கு நிஜமாகவே தும்மல் வந்துவிட்டது. கை எகிறியது. ஆனால் நீலம் பாதி தாளிலும் பாதி அவன் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. முதல் படத்துக்கு இது தூரத்துச் சொந்தம்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் அதற்கே சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் கீழே இறங்கினார்கள்.

“மன்னிச்சுக்குங்க சார். அந்தக் கையசைவு மறுபடி வரவே மாட்டேங்குது,” என்றாள் ஆஞ்சலா.

“அளவு அதேதானேம்மா?”

“அளவு அதேதான் சார்.”

“அப்போ போதும்.”

சீனிவாசராகவன் படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஹாலில் முதல் படத்துக்குப் பக்கத்தில், சுவரில் பரவியிருந்த ஈரக்கறையின் மேல் அதை மாட்டினார். கறை முழுக்க மறைந்துவிட்டதா என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டார்.

“மேல நீங்க படத்துக்கு ஊத்தற தண்ணியெல்லாம் இங்கதாம்மா இறங்கறது. வரையாதீங்கோன்னு சொல்ல மனசு வரலை. அதான் வாங்கி மாட்டிண்டிருக்கேன்.”