எதிர்க்கடைக்குப் போங்க

"இது என்னால ஆகாதுங்க. எதிர்க்கடையில குடுத்துப் பாருங்க."

சாப்பாட்டுக் கூடையோடு கடைக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. லேப்டாப் ரிப்பேரில் தன் கணவர் 'ஆகாது' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

அவர் கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, லேப்டாப்பைக் கணக்கு வாத்தியாரிடம் நீட்டினார்.

வாத்தியார் முகம் தொங்கிப்போனது. "மின்னல் அடிச்ச அன்னைக்கு சார்ஜ்ல இருந்தது. லோகோ வருது, வட்டம் சுத்துது, அப்படியே அணைஞ்சுடுது. கேள்வித்தாள் பூரா இதுலதான் இருக்கு. நீங்களே கைவிட்டா எதிர்க்கடை அம்மா என்ன பண்ணுவாங்க?"

"எனக்குப் பிடிபடலை. அவங்ககிட்ட காட்டுங்க."

வாத்தியார் அரை மனசோடு தெருவைக் கடந்தார்.

எதிர்க்கடைக்காரரும் இவரும் பல வருஷமாகப் போட்டி. ஒருவர் கைவிட்டதை இன்னொருவர் சரிசெய்துவிட்டால் ஒரு வாரத்துக்குத் தெருவில் அதுதான் பேச்சு. போன வருஷம் அவர் காலமானார். பக்கத்திலேயே உட்கார்ந்து தொழில் பழகிய அவர் மனைவிதான் இப்போது ஷட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். எட்டிப் பார்ப்பவர்கள், "ஓ, அவர் இல்லையா" என்று திரும்பிவிடுகிறார்கள். இந்த மாதத்தோடு கடையைக் காலி செய்யப்போகிறாள் என்று கேள்வி.

மறுநாள் காலையில் எதிர்க்கடைப் பெண் தெருவைக் கடந்து வந்தாள். நடையே வேறாக இருந்தது.

"அண்ணே, வாத்தியார் லேப்டாப் ஓடுது."

"நிஜமாவா? என்னம்மா கோளாறு?"

"வைஃபை கார்டு அண்ணே. மின்னல்ல அதுதான் அடிபட்டிருக்கு. கூட்டுக் குடும்பத்துல யாரால சண்டைன்னு பாக்கற மாதிரி, ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பிப் பாத்தேன். பேட்டரியைக் கழட்டினேன், மெமரியை மாத்தினேன், ஒண்ணும் அசையலை. இந்தக் குட்டிக் கார்டைக் கழட்டினதுதான் தாமசம், திரை பூரா ஒரு ஒட்டகச்சிவிங்கி வந்து நிக்குது. அவர் பேத்தி வரைஞ்சதாம்."

"எனக்குத் தோணவே இல்லையேம்மா."

"உங்களுக்கே தோணலையா?" அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்நேரம் தெரு பூரா தண்டோரா போட்டிருப்பார்."

"நீ போடும்மா. யாரு வேண்டாங்கறது?"

"நான் எதுக்கு? வாத்தியாரே போட்டுட்டார். ஸ்கூல்ல ரிப்பேர் எல்லாத்தையும் எனக்கே அனுப்பறாராம். வரேன் அண்ணே, வரேன் அண்ணி."

அவள் தலை மறைந்ததும் இவள் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒரு குட்டிக் கார்டு. அதுகூடவா கண்ணுல படலை? கை மறந்துபோச்சுன்னா சொல்லிடுங்க, நாமளும் ஷட்டரை இழுத்துடலாம். மானம் போகுது."

"போனா போகட்டும்," என்றார் அவர், குனிந்த தலை நிமிராமல்.

டீக்கடைக்காரர் காலி கிளாஸ் எடுக்க வந்தார்.

"ஏன் அக்கா, அந்த ஒட்டகச்சிவிங்கி லேப்டாப்பை வாங்கிட்டுப் போயிட்டாங்களா?"

"ஒட்டகச்சிவிங்கி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து நீங்க சாப்பாடு எடுக்கப் போயிருந்தப்ப டீ வைக்க வந்தேன். இந்த மேஜையிலதானே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கழுத்து திரைக்கு வெளிய போயிடும் போல இருக்கேன்னு சொன்னேன், அண்ணன்கூடச் சிரிச்சாரே."

கிளாஸ்கள் கிணுகிணுக்க அவர் போய்விட்டார்.

அவள் கணவரிடம் போய் நின்றாள். "கண்டுபிடிச்சுட்டு, கெட்டுப்போன கார்டைத் திரும்ப மாட்டியா குடுத்தீங்க?"

"மெதுவா பேசு. அங்க கேக்கப்போகுது."

"நல்லா வேலை தெரிஞ்சவங்கன்னு ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணியிருக்கலாமே?"

"பண்ணிப் பாத்தேன். பாவப்பட்டுச் சொல்றேன்னு நினைச்சு ஒருத்தரும் போகலை. அந்தப் பொண்ணு என்னை ஜெயிச்சாத்தான் தெரு நம்பும்."

அவள் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தாள். எதிரே, வாத்தியார் இன்னொருவரோடு அந்தக் கடைப் படியேறுவது தெரிந்தது.

சற்று நேரத்தில் தோளில் பையோடு ஒருவர் வந்தார்.

"கரண்ட் எகிறினதுல இருந்து லேப்டாப் பாதியிலேயே நின்னுடுதும்மா. சார் இருக்காரா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளே வேலையில் மூழ்கியிருந்த கணவரை ஒருமுறை, பெருமை பொங்கப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிபடாதுங்க. எதிர்க்கடைக்குப் போங்க."